தண்டெலும்பும் தாய்மொழியும்

(தண்டையார்பேட்டையில் உழைப்பாளரும் தமிழன்பரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தண்டையார்பேட்டை என்னும் இவ்வூர்ப்பெயர் தொண்டியார்பேட்டை என்பதன் திரிபு என்பர். தொண்டியை அடுத்த குணங்குடியில் தோன்றி, வடசென்னைக்கு வந்து தங்கித் தமிழிற் பாடிய இசுலாமியப் பெரியார் குணங்குடி மசுத்தான் சாகிபைத் தொண்டியார் என்றே மக்கள் அழைத்தனர். அவர் இருந்த பேட்டை தொண்டியார்பேட்டை ஆயிற்று. நாளடைவில் மக்கள் நாவில் தொண்டி போய்த் தண்டு வந்து நின்றது. திரிபேயாயினும் அதுவும் பொருந்தியே நிற்கின்றது. ஏனெனில் இவ்வூர் தண்டினால் வாழும் ஊர். முதுகந்தண்டினால் வாழும் ஊர்!

துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவன் முதுகு, கொருக்குப்பேட்டையில் சரக்கேற்றுபவன் முதுகு, காசிமேட்டில் மீன்கூடை சுமப்பவள் முதுகு, குழாயடியில் நின்று குடம் குடமாக நீர் தூக்கும் தாயின் முதுகு, இவையே இப்பகுதியின் முதற்பொருள். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் வந்தபின் பாரந்தூக்கிகள் பெருகின. ஆயினும் மாந்தன் முதுகு இன்னும் ஓய்வு பெற்றுவிடவில்லை.

அம் முதுகு வலித்தால் என்ன செய்கின்றோம்? 'மூட்டை தூக்கிய வலி' என்கின்றோம், 'சுளுக்கு' என்கின்றோம், 'வாய்வுப் பிடிப்பு' என்கின்றோம். தைலம் தடவுகின்றோம், உருவி விடுகின்றோம், கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கி விழுங்குகின்றோம். நூற்றில் பலர்க்கு அது போதும். ஆனால் அந்தப் பலரிடையே ஒருவன் முதுகில் இருப்பது சுமையின் வலியன்று, நோயின் வலி. அவனுக்கும் அதே தைலம், அதே உருவல்! திங்கள்கள் கழிகின்றன. ஒருநாள் முதுகின் நடுவே ஓர் எலும்பு புடைத்து நிற்கக் காண்கின்றனர். பின்னொருநாள் கால்கள் தள்ளாடுகின்றன. அந்நோயின் பெயர்தான் முதுகந்தண்டின் எலும்புருக்கி.

எலும்புருக்கி என்னும் சொல்லைச் சிறிது எண்ணிப் பாருங்கள். காசநோய் என்று இன்று எழுதப்படும் நோய்க்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர் எலும்புருக்கி. என்புருக்கி எனவும் சொல்லுவர். நோயாளி உருகி உருகி எலும்புந்தோலும் ஆவதைக் கண்டு வைத்த பெயர் அது. நுரையீரலைத் தாக்குங்கால் அப்பெயர் உவமையளவில் நிற்கின்றது. முதுகந்தண்டைத் தாக்குங்காலோ அப்பெயர் எழுத்துக்கெழுத்து மெய்யாகி விடுகின்றது. அந்நுண்ணுயிரி முள்ளெலும்பை உண்மையாகவே அரித்து உருக்கிவிடுகின்றது.

முதுகந்தண்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். கழுத்திலிருந்து இடுப்பு வரை தனித்தனியே அசையும் முள்ளெலும்புகள் 24. அவற்றின் கீழே, இணைந்துபோன எலும்புகள் உள்ளன. முள்ளெலும்புகளின் இடையிடையே 23 தட்டுகள். தட்டின் நடுவில் குழைவான கூழ். அதனைச் சுற்றி நாரால் பின்னிய வலிய வளையம். மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்புத் தகடு. இத்தட்டுகளே சுமையைத் தாங்கும் மெத்தைகள். முள்ளெலும்புகளின் பின்புறத்து வளையங்களின் ஊடே, மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் செல்கின்றது. காலை அசைப்பதும், சிறுநீரை அடக்குவதும் அவ்வடத்தின் வழி வரும் ஆணைகளே. ஆகவே முதுகந்தண்டு உடலைத் தாங்கும் தூண் மட்டுமன்று. உடலை ஆளும் வடத்திற்குக் காப்பும் அதுவே.

முதலில் சுமையால் வரும் கேட்டைச் சுருக்கமாகப் பார்ப்போம். சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் என்பார் 1960களில் உயிருள்ள மாந்தரின் தட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்குங்கால் இடுப்புத் தட்டின் அழுத்தம் 100 என்று கொண்டால், மல்லாந்து படுத்தால் 25; குனிந்து நின்றால் 150; குனிந்த நிலையில் கையில் சுமையும் இருந்தால் 220 என அவர்தம் அளவுகள் காட்டின. எனவே சுமையைக் குனிந்து எடாமல், முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து எழுவதே முறை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவன் கையால் தூக்கிச் செல்லும் சுமைக்கு 55 கிலோவை மேலெல்லையாகச் சொல்லிற்று. நம் நாட்டில் 100 கிலோ மூட்டைகளைச் சுமந்த தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. அத்தலைமுறையின் முதுகைக் கேளுங்கள், அது சொல்லும்!

தேய்ந்த தட்டு மீண்டும் வளராதா என்று கேட்பீர். குருத்தெலும்பு என்று நம் மொழி அதற்குப் பெயரிட்டது. பனையின் குருத்துப்போல் மென்மையானது என்பது கருத்து. ஆனால் பனங்குருத்து வெட்டுண்டாலும் உள்ளிருந்து தழைத்து வரும். மாந்தன் குருத்தெலும்போ சிதைந்தால் எளிதில் தழைப்பதில்லை. அதனுள் குருதிக் குழாய் இல்லை என்பதே கரணியம். தட்டும் அத்தகையதே. அதற்குரிய ஊட்டம் அண்டையிலுள்ள முள்ளெலும்பிலிருந்து தகட்டின் வழியே கசிந்து கசிந்துதான் வரவேண்டும். கோவை மருத்துவர் இராசசேகரனும் அவர்தம் குழுவினரும் ஒருவகை மருந்தைக் குருதியிற் செலுத்தி, அது தட்டுக்குள் புகுவதை ஒருநாள் முழுதும் அடுத்தடுத்துக் காந்தப் படமாக எடுத்து நோக்கினர். ஊட்டம் மணிக்கணக்கில் மெல்ல ஊறுவதும், தகடு சிதைந்தால் அவ்வூற்று மாறுபடுவதும் புலனாயின. 2004ஆம் ஆண்டில் அவ்வாய்வு முதுகந்தண்டு ஆராய்ச்சிக்குரிய பன்னாட்டுப் பரிசைப் பெற்றது. முழங்காற் குருத்தெலும்பிலிருந்து உயிரணுக்களை எடுத்து வெளியே பெருக்கி, மீண்டும் அதே முழங்காலில் பொருத்தும் முறையைச் சுவீடன் மருத்துவர்கள் 1994இல் 23 பேரிடம் செய்து வெளியிட்டனர். ஆராய்ச்சி நடக்கின்றது. ஆயினும் சுமைக்காரனின் தேய்ந்த முதுகுத்தட்டைப் புதிதாக்கித் தரும் வழி இன்னும் அன்றாட மருத்துவத்திற்கு வந்து சேரவில்லை. ஆகவே காத்தலே அங்கு மருந்து.

எலும்புருக்கியோ அத்தகையதன்று. அது தீரும் நோய்! தீரும் என்பதைத் தெளிவாகக் காட்டிய இடங்களுள் ஒன்று இதே சென்னை. இன்றைய சொற்பொழிவின் உயிர்ப்பகுதி இதுவே.

1779இல் ஆங்கில மருத்துவர் பெர்சிவல் பாட்டு, கூன் விழுந்த முதுகோடு கால்கள் செயலிழப்பதை விளக்கி எழுதினார். 1882இல் செருமானிய அறிஞர் இராபர்ட்டு கோக்கு அந்நோயின் நுண்ணுயிரியைக் கண்டு காட்டினார். எகிபதின் பழம்பிணங்களிலும் இந்நோய் அரித்த முதுகெலும்புகள் உள்ளன. எலும்பையும் மூட்டையும் தாக்கும் எலும்புருக்கியில் ஏறத்தாழப் பாதி முதுகந்தண்டிலேயே வருகின்றது. நுரையீரல் வழிப் புகுந்த நுண்ணுயிரி குருதியோடு சென்று முள்ளெலும்பின் முன்பகுதியில் தங்குகின்றது. எலும்பு அரிபடுகின்றது, இடையிலுள்ள தட்டும் சிதைகின்றது, சீழ் திரள்கின்றது. முன்பக்கம் உருகப் பின்பக்கம் நிற்பதால் தண்டு முன்னோக்கி மடிகின்றது. அம்மடிப்பே கூன். சீழோ, உடைந்த எலும்போ, கூனோ தண்டுவடத்தை நெருக்கினால் கால்கள் ஓய்கின்றன.

மருந்து வருமுன் இந்நோய்க்கு என்ன மருத்துவம் இருந்தது? படுக்கை. மாவுக்கட்டுப் படுக்கையில் திங்கட்கணக்கில், ஆண்டுக்கணக்கிற்கூடக் கிடத்தல். நுண்ணுயிரியைக் கொல்லும் மருந்துகள் வந்தபின்னும் அப்படுக்கை ஒழியவில்லை. 1956இல் ஆங்காங்கைச் சேர்ந்த ஆட்சன், இசுடாக்கு என்னும் இரு மருத்துவர், மார்பின் வழியோ வயிற்றின் வழியோ முன்புறமாகச் சென்று, அழுகிய எலும்பை முற்றும் அகற்றி, அவ்விடத்தில் நல்ல எலும்பை ஒட்டவைக்கும் அறுவையை வெளியிட்டனர். மிகச் சிறந்த அறுவை. ஆனால் மிகப் பெரிய அறுவை. அதற்குக் கைதேர்ந்த வல்லுநரும் மயக்க மருத்துவரும் குருதியும் பலநாட் பேணலும் வேண்டும். நாட்கூலி கொண்டு உலை வைக்கும் ஏழைக்குப் படுக்கை என்றால் என்ன பொருள்? படுத்தால் கூலி இல்லை. கூலி இல்லையேல் சோறில்லை. சோறில்லையேல் எலும்புருக்கிக்கு விருந்து! படுக்கை அவன் நோயைத் தீர்க்குமுன் அவன் குடும்பத்தைத் தீர்த்துவிடும்.

இந்த இடத்திலேதான் சென்னை ஒரு கேள்வியை எழுப்பிற்று. 1956இல் சேத்துப்பட்டில் எலும்புருக்கி மருந்தாய்வு நடுவம் தொடங்கப்பெற்றது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. அங்கு நடந்த முதல் ஆய்வில், நுரையீரல் நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கினர். ஒரு கூற்றினர் நல்லுணவும் ஓய்வும் உள்ள நோயாளர் இல்லத்தில்; மறு கூற்றினர் நெருக்கடி மிக்க தம் ஏழை வீட்டில். இருவர்க்கும் ஒரே மருந்து. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் இல்லத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே நலமுற்றனர். வீட்டார்க்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. உலகெங்கும் நோயாளர் இல்லங்களின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுவதற்கு இவ்வாய்வு ஒரு தலையாய கரணியமாயிற்று.

நுரையீரலுக்குப் பொருந்தியது முதுகந்தண்டுக்கும் பொருந்துமா? கொரிய நாட்டின் மாசான் நகரில் படுக்கையோய்வையும், பூசான் நகரில் மாவுக்கட்டுச் சட்டையையும் ஆய்ந்தனர். முறையாக மருந்துண்டால், படுத்திருப்பதாலும் கட்டு அணிவதாலும் தனிச்சிறப்பான நன்மை இல்லை எனத் தெரிந்தது. அடுத்த கேள்வி சென்னைக்கு வந்தது. மருந்தோடு பெரிய அறுவையும் வேண்டுமா? நடமாடிக்கொண்டே மாத்திரை உண்டால் போதாதா?

சேத்துப்பட்டு நடுவமும் சென்னை எலும்பு மருத்துவர்களும் 1970களில் இவ்வாய்வை மேற்கொண்டனர். தமிழ்நாட்டு எலும்பு மருத்துவத்தின் மூத்த ஆசான் பேராசிரியர் டி.கே. சண்முகசுந்தரம் இந்நோய் ஆராய்ச்சியில் முன்னின்றவர். கால்கள் செயலிழக்காத நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று கூறாக்கினர். முதற்கூற்றினர்க்கு ஆங்காங் அறுவையோடு ஆறு திங்கள் மருந்து. இரண்டாங்கூற்றினர்க்கு அறுவையின்றி, நடமாடியபடியே ஆறு திங்கள் மருந்து. மூன்றாங்கூற்றினர்க்கு அவ்வாறே ஒன்பது திங்கள். மருந்து மூன்று கூற்றினர்க்கும் ஒன்றே: நாள்தோறும் ஐசோனியாசிடும் இரிபாம்பிசினும்.

திங்கள் ஆறில் ஆய்வு முடிந்துவிடவில்லை. பத்தாண்டுகள் தொடர்ந்து நோக்கினர்! 1999இல் வெளிவந்த முடிவைக் கேளுங்கள். பத்தாம் ஆண்டில் கணக்கிற்கு வந்தோர் 235 பேர். நன்னிலையில் இருந்தோர், அறுவை பெற்ற 78 பேரில் 90 விழுக்காட்டினர். அறுவையின்றி ஆறு திங்கள் மருந்துண்ட 78 பேரில் 94 விழுக்காட்டினர். ஒன்பது திங்கள் மருந்துண்ட 79 பேரில் 99 விழுக்காட்டினர்! நெஞ்சைப் பிளக்கும் அறுவையினும் நாள் தவறாது உண்ட மாத்திரை குறைந்ததன்று என்பது நிலைநாட்டப்பெற்றது. ஏழையின் படுக்கைச் சிறையை உடைத்த முடிவு இது. அறுவை அரங்கம் இல்லாத சிற்றூர்க்கும் நலம் சென்று சேர வழி திறந்த முடிவு இது.

ஆனால் தாய்மார்களே, இங்கே ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இச்சொற்பொழிவு அரைகுறை உண்மையாகிவிடும். அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் விடுத்தது. பதினைந்து அகவைக்கு உட்பட்ட பிள்ளை, மருத்துவம் தொடங்கும்போதே கூன் 30 பாகைக்கு மேல் வளைந்திருந்தால், ஆறு திங்கள் மாத்திரை மட்டும் போதவில்லை. கூன் மேலும் பெருகிற்று.

வளைவை முன்கூட்டியே அறிய இயலுமா? சண்முகசுந்தரமும் அவர்தம் மாணவர் இராசசேகரனும் 1987இல் ஒரு கணக்கைத் தந்தனர். அறுவையின்றி மருந்துண்பவனுக்கு, முதல் ஊடுகதிர்ப் படத்தில் எத்தனை முள்ளெலும்பின் அளவு அழிந்துள்ளது என்று பார். அதனை 30.5 கொண்டு பெருக்கு, 5.5 கூட்டு. நோய் ஆறியபின் நிற்கப்போகும் கூனின் பாகை ஏறத்தாழ அதுவே. ஒரு முள்ளெலும்பு அளவு அழிந்திருந்தால் 36 பாகை. ஒன்றரை அழிந்திருந்தால் 51 பாகை. பெருக்கல் வாய்பாடு தெரிந்த பள்ளிப்பிள்ளை போடக்கூடிய கணக்கு! இக்கணக்குச் சொல்லும் பாடம் என்ன? எலும்பு அழியுமுன் வந்து சேர் என்பதே. காலத்தாழ்வின் ஒவ்வொரு திங்களையும் கூனின் பாகையாக அளக்கலாம்.

பின்னர் 2001இல் இராசசேகரன், இந்நோயுற்ற 61 பிள்ளைகளைப் பதினைந்தாண்டு தொடர்ந்து கண்ட ஆய்வை வெளியிட்டார். பெரியவர்க்கு நோய் ஆறியதும் கூனும் நின்றுவிடும். வளரும் பிள்ளைகட்கோ அவ்வாறன்று. சிலர்க்கு வளர வளரக் கூன் குறைந்தது. சிலர்க்கு மாற்றமில்லை. மற்றும் சிலர்க்கு நோய் முற்றும் தீர்ந்த பின்னரும், வளர்ச்சி முடியும்வரை கூன் ஏறிக்கொண்டே சென்றது! எவர்க்கு ஏறும் என்பதை ஊடுகதிர்ப் படத்தில் தெரியும் நான்கு குறிகளால் முன்னரே சொல்லலாம் என்று அவர் வகுத்தார். பின்புற மூட்டுகள் விலகுதல், எலும்பு பின்னோக்கித் தள்ளப்படுதல், பக்கவாட்டில் நகர்தல், மேலெலும்பு முன்னோக்கிக் கவிழ்தல் என்பனவே அவை. அக்குறிகள் தோன்றிய பிள்ளைக்கு உரிய காலத்தில் அறுவை செய்தால் கூனைத் தடுக்கலாம். ஆகவே, 'மாத்திரை முடிந்தது, நோய் தீர்ந்தது' என்று பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ளலாகாது. பிள்ளை வளர்ந்து முடியுமட்டும் மருத்துவரிடம் காட்டி வருதல் வேண்டும்.

இனி, சுமைவலி எது, நோய்வலி எது என்று பிரித்தறிவது எவ்வாறு? சுமைவலி ஓய்ந்து படுத்தால் தணியும்; பெரும்பாலும் சில கிழமைகளில் நீங்கும். நோய்வலி கிழமைகள் கடந்தும் நிற்கும், படுத்தாலும் விடாது, இரவில் எழுப்பும். மாலையில் மெல்லிய காய்ச்சல், பசியின்மை, உடல் மெலிதல், முதுகில் ஓரிடத்தைத் தட்டினால் அங்கேயே வலித்தல், ஓர் எலும்பு முண்டி நிற்றல் ஆகியவை அதன் குறிகள். பிள்ளையாயின், கீழே விழுந்த காசை முதுகை வளைத்து எடாமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கும். இரவில் அலறி எழும். இருமல் இல்லையே என்று ஏமாறாதீர்கள்; முதுகந்தண்டின் நோய்க்கு இருமல் கட்டாயமில்லை. கால் தள்ளாடினாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடங்காவிட்டாலோ, மறுநாள் என்று பாராது அன்றே மருத்துவமனை செல்க.

எங்கே செல்வது? அண்மையிலேயே இசுடான்லி அரசு மருத்துவமனை உள்ளது. பஞ்சக் காலத்தில் ஏழைகட்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழியில் வளர்ந்ததாதலின், கஞ்சித்தொட்டி மருத்துவமனை என்று முதியோர் அழைத்தது அதனையே. எலும்புருக்கி மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றது. நோயாளியின் ஊட்டத்திற்கெனத் திங்கள்தோறும் தரப்படும் தொகை 2024 நவம்பர் முதல் 1,000 உருபாவாக உயர்த்தப்பட்டுள்ளது. எலும்பு நோய்க்கு இன்று பொதுவாக ஓராண்டளவு மருந்து தருகின்றனர். நுண்ணுயிரி மருந்துக்கு அடங்குமா என்பதையும் ஆய்ந்து பார்க்கின்றனர். மருத்துவர் குறித்த நாள்வரை ஒருநாளும் விடாது உண்ணல் வேண்டும்.

இவ்விடத்தில்தான் மொழி வந்து குறுக்கே நிற்கின்றது. ஒரு சுமையாளி மருத்துவமனை செல்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கையில் ஒரு சீட்டு. சீட்டில் அவனறியா மொழி. அவனுக்கு வந்த நோயின் பெயரை அவன் நாவால் சொல்ல இயலவில்லை. 'முதுகில் ஏதோ பூச்சியாம், மாத்திரை கொடுத்தார்கள்' என்று வீட்டில் சொல்கின்றான். இரண்டு திங்களில் வலி போகின்றது, பசி எடுக்கின்றது. வலி போனால் நோய் போயிற்று என்று எண்ணி மாத்திரையை நிறுத்துகின்றான். நுண்ணுயிரி சாகவில்லை, ஒளிந்துகொண்டது, பின்பு மருந்துக்கும் அடங்காமல் எழுகின்றது. 'உனக்கு வந்திருப்பது எலும்புருக்கி. அது உன் முதுகெலும்பை உருக்குகின்றது. வலி போனாலும் எலும்பு இறுக ஓராண்டு ஆகும்' என்று மூன்று தமிழ்த்தொடர் சொல்லப்பட்டிருந்தால் அவன் நிறுத்தியிருப்பானா?

மற்றொன்றும் எண்ணுக. பத்தாண்டுக் காலம் அழைத்தபோதெல்லாம் வந்து, ஊடுகதிர்ப் படத்திற்கு முதுகைக் காட்டி, அவ்வாய்வை முடித்துக் கொடுத்தவர் யார்? எழுத்தறிந்தவரும் அறியாதவருமாகிய எளிய மக்கள். அவர்தம் முதுகெலும்பில் எழுதப்பட்ட உண்மை ஆங்கில இதழில் அச்சேறி உலகைச் சுற்றி வந்தது. அதில் தவறில்லை, உலகம் அறியவேண்டியதே. ஆனால் அவ்வுண்மை அவர்தம் தெருவிற்கு, அவர்தம் மொழியில் திரும்பி வந்ததா? முதுகு கொடுத்தவனுக்கு முடிவைச் சொல்லாதது கடன்பட்டு மறுப்பதை ஒக்கும்.

சொல் இல்லை என்று சொல்லிவிட இயலாது. முள்ளெலும்பு, தட்டு, தண்டுவடம், குருத்தெலும்பு, கூன், சீழ், பாகை, எலும்புருக்கி ஆகிய இச்சொற்களைக் கொண்டே இவ்வளவும் இம்மன்றில் சொல்லப்பட்டது. எந்தத் தாய்க்கு விளங்கவில்லை?

ஆதலின் தமிழன்பர்களே, உங்கட்கு வேலை உண்டு. ஒவ்வொரு படிப்பகத்திலும் இக்குறிகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மருத்துவக் கல்லூரியிற் பயிலும் உங்கள் பிள்ளைகளை நோயாளியிடம் தமிழிற் பேசி விளக்கப் பழக்குங்கள். மருந்துச் சீட்டோடு ஒரு தமிழ்த்தாளும் தருமாறு மருத்துவமனைகளைக் கேளுங்கள். மூன்று கிழமைக்கு மேல் முதுகு வலி என்று அண்டை வீட்டான் சொன்னால், தைலப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஊடுகதிர்ப் படம் எடுக்க அழைத்துச் செல்லுங்கள். கூனிய பிள்ளையைக் கண்டு இரங்குவதினும், பிள்ளை கூனுமுன் கண்டுகொள்வது பெரிது.

தண்டால் வாழும் ஊரில் தண்டு நிமிர்ந்து நிற்கட்டும்! அதைக் காக்கும் அறிவு தமிழில் நிற்கட்டும்!